ஐயம் துணிபான கதை

தொலைவில் மங்கலாக ஒன்று தோன்றுகின்றது. அது மனிதனா, மரக்கட்டையா என்பது புலப்படவில்லை. அந்நிலையில் அதனை எச்சொல்லாற் சுட்டுவது? தொல்காப்பியர் இதற்கு விடை கூறியிருக்கின்றார். திணை ஐயம் நிகழ்ந்தவிடத்து 'உரு' என்னும் பொதுச்சொல்லால் வழங்கலாம் என்பது கிளவியாக்கம் காட்டும் நெறி. துணிவு பிறந்த பின்னரே மனிதன் என்றோ கட்டை என்றோ பெயரிடுதல் தகும். தெரியாததைத் தெரியாதது என்றே வழங்குவது இலக்கணத்துக்கு மாத்திரமன்றி அறிவு முழுமைக்கும் உரிய ஒழுக்கமாம்.

அமெரிக்க விமானப்படையினர் 1950களின் தொடக்கத்தில் இவ்வொழுக்கத்தையே தம்மையறியாது மேற்கொண்டனர். மக்கள் 'பறக்கும் தட்டு' என்று வழங்கியதை அவர்கள் 'அடையாளங் காணப்படாத பறக்கும் பொருள்' எனப் பெயர் மாற்றினர். அதன் ஆங்கில முதலெழுத்துக்களே யூ.எவ்.ஓ. என்பன. அஃதோர் ஐயச்சொல். இன்றோ அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, வேற்றுலகத்தார் ஏறிவரும் ஊர்தி என்று பொருள்கொள்வோரே பலர். ஐயச்சொல் துணிவுச்சொல்லாகிவிட்டது. இம்மாற்றத்தில், விடைகாணா மர்மங்களைப் பேசும் தொலைக்காட்சி விவரணப் படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும், கற்பிக்குந் தொழிலில் நிற்போர் அதனை அசட்டை செய்தலாகாது என்பதும் யாம் ஈண்டுக் கூறப் புகுந்தவை.

முதற்கண் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். இந்நம்பிக்கையைப் பெற்ற தாய் தொலைக்காட்சியன்று. அது வளர்த்த தாயே. 1947 யூன் 24ஆம் நாள், கென்னத் ஆர்னல்ட் என்னும் அமெரிக்கர் தமது விமானத்திலிருந்து றெயினியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டார். நீர்ப்பரப்பின்மேல் வீசிய தட்டுத் துள்ளித் துள்ளிச் செல்வதுபோல அவை சென்றன என்று பத்திரிகையாளருக்குக் கூறினார். அவர் கூறியது இயக்கத்தை. நம் இலக்கணத்தில் அது வினையுவமம். பத்திரிகைகளோ அதனை மெய்யுவமமாகக் கொண்டு, வடிவமே தட்டு என்று எழுதிவிட்டன. அதன்பின் வானத்தில் எங்கணும் தட்டுக்களே காணப்பட்டன! உவமையைப் பிறழ உணர்ந்தமையால் விளைந்த விளைவு இத்துணைப் பெரிது.

ஆயினும், அக்காலத்து மக்கள் தட்டைக் கண்டனரேயன்றி அதனுள் வேற்றுலகத்தாரைக் காணவில்லை. அவ்வாண்டு கலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பிலே பத்தில் ஒன்பது பேர் பறக்கும் தட்டைப்பற்றிக் கேள்விப்பட்டிருந்தனர். விடை சொன்னோர் பெரும்பாலும் கண்மயக்கு என்றனர், புரளி என்றனர், அமெரிக்காவின் இரகசியக் கருவி என்றனர். வேற்றுலக ஊர்தி என்றவர் மிக அரியர். அதே நிறுவனம் 2021இல் வினாவியபோது, இவற்றுட் சில வேற்றுலக ஊர்திகளே என்றோர் நூற்றுக்கு 41 பேர். இடையிலே நிகழ்ந்தது யாது? நூல்கள், திரைப்படங்கள், சஞ்சிகைகள் யாவும் பங்குகொண்டன. எனினும், 'இது கதையன்று, ஆராய்ச்சி' என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்தமர்ந்தது விவரணப் படமே.

தொலைக்காட்சி தொடக்கத்தில் மறுபக்கத்தில் நின்றது என்பதும் கருதத்தக்கது. 1953 சனவரியில் அமெரிக்க அரசு கூட்டிய விஞ்ஞானிகள் குழுவொன்று, இம்மயக்கத்தை நீக்குதற்குத் தொலைக்காட்சி முதலியவற்றைப் பயன்படுத்தலாம் என்று ஆலோசனை கூறிற்று. 1966இல் வால்ரர் குறொன்கைற் வழங்கிய விவரணமும் ஐயத்தின் பக்கமே சார்ந்திருந்தது. காற்றுத் திசைமாறியது 1970களிலே. எரிக் வொன் டெனிகன் 1968இல் எழுதிய நூல் படமாகி, 1973இல் 'புராதன விண்வெளி வீரரைத் தேடி' என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. அதன் வழியில் 1977 முதல் 1982 வரை 'தேடி...' என்னும் தொடர் நடைபெற்றது. அதனை வழங்கியவர் லெனாட் நிமோய். 'ஸ்ரார் றெக்' தொடரிலே தருக்கமே உருவான ஸ்பொக் என்னும் பாத்திரத்தை நடித்த அதே நடிகர்! பாத்திரத்தின் அறிவு நடிகரின் குரலிலே ஏறி, அக்குரல் ஆப்தவாக்கியம் போலாகிவிட்டது.

இத்தகைய படங்கள் கையாளும் உபாயங்கள் மூன்று.

முதலாவது வினா. நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். 'இவர்கள் வேற்றுலகிலிருந்து வந்திருக்கக்கூடுமோ?' என்று கேட்பது பார்வைக்கு ஐயவினா. ஆனால் இசையும் இருளும் குரலும் கூடியவிடத்து அஃது ஏவல்வினாவாகி, 'நம்பு' என்று பணிக்கின்றது. வினாவியவனோ எதையும் சொன்னவனல்லன். பழி அவன்மேல் வாராது. நிமோயின் தொடர், தான் கூறுபவை ஓரளவு ஊகங்களே என்றும், வேறு விளக்கங்களும் இருக்கலாம் என்றும் தொடக்கத்திலேயே அறிவித்தது. அவ்வறிவிப்பு நிகழ்ச்சி தொடங்குமுன் சில கணம். அதன்பின் வந்த காட்சிகளோ அரைமணி நேரம்.

இரண்டாவது, உரையைக் காட்சியாக்குதல். காட்சி, கருதல், உரை என அளவைகள் மூன்று. ஒருவன் நாற்பது ஆண்டுகளின் முன் கண்டதாகச் சொல்வது உரை. அதனை நடிகரைக்கொண்டு நடிப்பித்து ஒளிபரப்பும்போது அது காண்போனுக்குக் காட்சியாகிவிடுகின்றது. பிறர் சொல்லக் கேட்டது, தான் கண்டதுபோல நெஞ்சிற் பதிகின்றது. அளவைகளின் எல்லை அழிந்தபின் மெய்யைப் பொய்யினின்றும் பிரிப்பது எவ்வாறு?

மூன்றாவது, மறுதலையை மறைத்தல் அல்லது ஒடுக்குதல். ஐம்பது நிமிடம் ஒரு கட்சி; இரண்டு நிமிடம் மறுகட்சி. நம் சாத்திரகாரர் பரபக்கத்துக்கு ஒரு தனிப்பகுதியே ஒதுக்கி, அதன் பின்னரே தம் கட்சியை நாட்டினர் என்பதை ஈண்டு நினைக.

மூன்று உபாயங்களும் ஒருங்கே தொழிற்பட்ட இடம் றோஸ்வெல். நியூ மெக்சிக்கோ மாநிலத்து அவ்வூர்ப் படைத்தளம், பறக்கும் தட்டொன்று தன்வசமானதாக 1947 யூலை 8ஆம் நாள் அறிவித்தது. விரைவிலேயே அது வானிலைப் பலூன் என்று திருத்திக்கொண்டது. செய்தி மறைந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதனைக் கேட்பாரில்லை. 1978இல் ஓர் ஆராய்வாளர் பழைய சாட்சியொருவரைச் சந்தித்தார். 1980இல் நூல் வந்தது. 1989 செப்ரெம்பரில் 'விடைகாணா மர்மங்கள்' என்னும் தொடர் அதனை நடித்துக் காட்டி, அறிந்தோர் தொலைபேசியில் அழைக்குமாறு வேண்டிற்று. அழைத்தோரும் உளர். 42 ஆண்டுகள் வாளாவிருந்த நினைவுகள் அதன்பின் வேற்றுலகப் பிணங்களைப்பற்றிப் பேசத் தொடங்கின. ஈண்டுத் தொலைக்காட்சி சாட்சியங்களை எடுத்துரைத்ததோடு நில்லாமல் சாட்சிகளையும் விளைவித்தது.

1994இல் விமானப்படை உண்மையை வெளியிட்டது. சோவியத்தின் அணுகுண்டுப் பரிசோதனைகளை ஒலியால் அறியும்பொருட்டு மிக உயரத்தில் விடப்பட்ட 'மோகல்' என்னும் இரகசியத் திட்டத்துப் பலூன்களின் சிதைவே அங்கு வீழ்ந்தது என்பது அதன் முடிபு. அரசு மறைத்தது மெய். மறைத்த பொருள்தான் வேறு. அம்மறைவு ஐயத்துக்கு எருவாயிற்று என்பதையும் மறுத்தல் கூடாது. ஆயினும் அறிக்கையைப் படித்தவர் சிலர். அடுத்த ஆண்டு, 1995 ஓகஸ்டில், வேற்றுலகத்தானின் உடலை அறுத்துப் பரிசோதிப்பதாக ஒரு படத்தைப் பொக்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது பார்த்தவர் பலர். அவ்வுடல் சிற்பியொருவர் இலண்டனிலே செய்த பொம்மை என்பது 2006இல் வெளிப்பட்டது. படத்தை வெளியிட்டவர், சிதைந்துபோன மூலப்படத்தைப் புதுப்பித்ததாகவே அப்போதும் வாதித்தார். பொய் பதினோராண்டு முந்திப் புறப்பட்டது. மெய் அதனை எட்டிப்பிடிப்பது எளிதோ?

'இவை பொழுதுபோக்கே, யார் நம்புகின்றார்?' என்பாருமுளர். பேர்டியூப் பல்கலைக்கழகத்துக் கிளென் ஸ்பாக்ஸ் என்பாரும் துணைவரும் 1990களில் இதனைப் பரிசோதித்தனர். ஒருபக்கக் கூற்றை மாத்திரம் பார்த்தவரிடையே நம்பிக்கை மிகுந்தது. விஞ்ஞானியின் மறுப்பையும் உடன் பார்த்தவரிடையே அவ்வாறு மிகவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. வேற்றுலகத் தொழில்நுட்பத்துக்குச் சான்றெதுவும் அகப்படவில்லை என்ற அவ்வறிக்கை, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், நூல்கள், திரைப்படங்கள், இணையம் ஆகியவற்றின் பெருக்கம் இந்நம்பிக்கையை வலுப்படுத்தியிருக்கக்கூடும் என்றும் குறித்தது.

இது அந்நிய நாட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடலாமோ எனின், ஆகாது. 2010 முதல் தொடராக வந்த 'புராதன வேற்றுலகத்தார்' என்னும் நிகழ்ச்சி நம் இதிகாசங்களின் விமானங்களையும் தன் சான்றுகளாக எடுத்துக்கொண்டது. இலங்கேசுவரனின் புட்பகத்தை இயந்திரமென்று பிறர் சொல்ல நமக்கு உள்ளங் குளிர்கின்றது. பண்டை விமானநூல் என்று கொண்டாடப்படும் 'வைமானிக சாஸ்திரம்' இருபதாம் நூற்றாண்டிலே தோன்றியது என்றும், அதிற் கூறிய விமானங்கள் பறக்கத்தக்கன அல்ல என்றும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1974இலேயே காட்டினர். புட்பகம் கவிஞனின் கற்பனைக்கு அணி. அதனை இரும்பும் எரிபொருளுமாக்குவோர் கவிஞனை உயர்த்தவில்லை. அவனிடமிருந்து கற்பனையைப் பறித்துச் செய்தியாளனாக்கிவிட்டனர்.

மர்மத்தை நேர்மையாகச் சொல்லும் நெறியும் உண்டு. அதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையை உறைவிடமாகக் கொண்ட ஆதர் சி. கிளாக், 1980இல் 13 பாகங்களாக வந்த மர்ம உலகம்பற்றிய தொடரை வழங்கினார். ஒருகாலத்தில் மர்மமாயிருந்து இன்று விளங்கிவிட்டவை, இன்னும் விளங்காதனவாயினும் விளக்கம் ஓரளவு புலப்படுபவை, விளக்கமே அகப்படாதவை என மர்மங்களை அவர் மூவகைப்படுத்தினார். வேற்றுலகிலும் உயிர்கள் இருக்கலாம் என்று எண்ணிய அவரே, பறக்கும் தட்டுக்கள் அங்கிருந்து வருகின்றன என்பதை ஏற்றிலர். வியப்பும் விவேகமும் ஒரு நெஞ்சிலே குடியிருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? மாணவன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, 'இது மெய்யா, ஐயா?' என்று வினாவும்போது நகைத்து ஒதுக்குதல் கூடாது. நகைப்பு அவனை அப்படத்தின்பாலே தள்ளிவிடும். 'இதில் நீ கண்டது எது? பிறர் சொல்லக் கேட்டது எது? கருதிக்கொண்டது எது? மறுகட்சி எங்கே?' என்னும் நான்கு வினாக்களை அவன் கையிற் கொடுத்தல் வேண்டும். மறுப்பையும் உடன் கேட்டவர் எளிதில் மயங்கவில்லை என்பது பரிசோதனை கண்ட முடிபாதலின், அம்மறுகட்சியின் குரல் வகுப்பறையிலாவது ஒலிக்கட்டும். இலக்கணத்தைப் பரீட்சைக்குரிய சுமை என்று எண்ணும் பிள்ளைக்கு, அது மயக்கந் தீர்க்கும் மருந்து என்று காட்டுதற்கும் இஃதோர் வாய்ப்பாகும்.

வானத்தில் விளங்காத உருக்கள் இனியுந் தோன்றும். அவற்றை ஆராய்வோர் ஆராய்க. துணிவு பிறக்கும்வரை அவை 'உரு' என்றே நிற்கட்டும்.