வீடு திரும்பியோரும் உடற்பயிற்சியும்

பக்கவாதத்தினாலோ, முதுகெலும்புக் காயத்தினாலோ, இடுப்பெலும்பு முறிவினாலோ நடமாட்டம் குன்றிய ஒருவர், மருத்துவமனையில் சில வாரங்கள் பயிற்சி பெற்று, கோலூன்றி நடக்கும் நிலையில் வீடு திரும்புகிறார். குடும்பத்தார் மகிழ்ந்து, அவரைக் கட்டிலில் அமர்த்தி, குடிக்கும் நீரையும் கைக்குக் கொண்டுவந்து கொடுக்கின்றனர். இந்த அன்பே பல வீடுகளில் தீங்காக முடிகிறது. இயங்காத தசை மெலிகிறது, மூட்டு இறுகுகிறது, படுக்கைப் புண்ணும், கால் நாளங்களில் இரத்தம் உறைதலும் நேரக்கூடும். அரும்பாடுபட்டுப் பெற்ற ஆற்றல் சிறிது சிறிதாகக் கரைந்துபோகிறது.

குடும்பத்தாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து அனுப்பினால் போதும் என்ற கருத்து பரவலாக உண்டு. இதனைச் சோதிக்க இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளர் 1,250 பேரைக் கொண்டு ஆய்வு ஒன்று நடத்தப்பெற்றது. அதன் முடிவு 2017-ல் லான்செட் இதழில் வெளியாயிற்று. குடும்பத்தார் வாயிலாகப் பயிற்சி பெற்றவர்கள், ஆறு மாத இறுதியில் மற்றவரினும் மேலான நிலையை அடையவில்லை. வீட்டுப் பயிற்சியே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பொறுப்பு முழுவதையும் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டுப் பிறர் ஒதுங்கிக்கொள்ள இயலாது என்பதே இதனின்று கொள்ளத்தக்க பாடம்.

கேரளத்தின் எல்லைப் பகுதிகளில் இப்பாடம் இன்னும் முக்கியமானது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலும் தமிழ் பேசுவோர் பெருவாரியாக வாழ்கின்றனர். இவர்களுள் பலர் சிகிச்சைக்குக் கோவைக்கும், தேனிக்கும், மதுரைக்கும் செல்கின்றனர். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாயிலுக்கே கொண்டுசெல்கிறது. ஆயினும் அது அம்மாநிலத்து வீடுகளுக்கே உரியது. கேரளமோ 2008-லேயே வலிதணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்து, ஊராட்சிகள் வாயிலாகச் செவிலியரை வீடுகளுக்கு அனுப்பி வருகிறது. எனினும், கோவையில் எழுதப்பட்ட குறிப்பு கொழிஞ்சாம்பாறைச் செவிலியரின் கைக்கு எட்டினாலன்றி, அந்நோயாளர் ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே, வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே அக்குறிப்பைக் கேட்டு வாங்கி, ஊராட்சிச் செவிலியரிடம் சேர்ப்பிப்பது களப்பணியாளரின் முதற்கடமையாதல் வேண்டும்.

அடுத்தது, பயிற்சி வீட்டுக்கு ஏற்றதாக அமைதல். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயங்கள் மலைச்சரிவில் உள்ளன; படிகளும் வழுக்கும் பாதைகளும் மிகுதி; யானை நடமாட்டத்தால் வைகறை நடை சில இடங்களில் ஆபத்தானது. பாலக்காட்டுச் சமவெளியிலோ, பங்குனி சித்திரை வெயிலில் காலையும் மாலையும் தவிர வெளியே நடத்தல் தகாது. "நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவும்" என்ற பொதுவான அறிவுரை இரண்டிடத்தும் பயன்படாது. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமர்தல், சுவரைப் பற்றி நின்று குதிகாலை உயர்த்துதல், குன்றிய கையால் கீரை ஆய்தல், பயறு பொறுக்குதல், துணி மடித்தல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவரின் ஒப்புதலோடு அன்றாட வேலையாகவே ஆக்கிவிடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் கைகளை ஊன்றி உடலை அவ்வப்போது உயர்த்துவது படுக்கைப் புண்ணையும் தடுக்கும். மார்புவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாட வேண்டும்.

உடற்குறை உடைய பெரியோரும் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவித்தது. அவ்வளவு இயலாதவருக்குச் சிறிதளவும் நன்மையே என்றும் அது கூறுகிறது. ஐந்து நிமிடத்தில் தொடங்குபவரை இது ஊக்குவிக்க வேண்டும்.

ஆசிரியர்களின் பங்கும் சிறிதன்று. கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழர் அரசு அலுவலகங்களுடன் தமிழிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளலாம் என விதித்தது. கடிதத்துக்கு உள்ள இவ்வுரிமையின் நோக்கம் பயிற்சித் தாளுக்கும் எட்டுதல் நியாயமே. படிக்க இயலாத மொழியில் தரப்பட்ட தாள் சுவரில் தொங்குவதன்றிப் பயன் தாராது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் அதனை எளிய தமிழில் படத்துடன் எழுதித் தந்து, அவ்வீட்டு மாணவனைக் கொண்டு நாள்தோறும் குறித்துவரச் செய்தால், பயிற்சி தொடர்கிறதா என்பதைச் செவிலியர் ஒரு நோக்கில் அறிவார்.

இயக்கம் குன்றியவர் செயலற்றவர் என்ற எண்ணமும் மாறவேண்டும். கொச்சிக்கு அருகில் செறாயியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நேர்ந்த விபத்தால் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவப் பணி புரிந்தார். வேலூரில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமானார்.

தோட்டத் தொழிலாளியின் குடியிருப்பு அவரது வேலையோடு பிணைந்தது. அவர் மீண்டும் எழுந்து நடப்பதில் குடும்பத்தின் கூலியும் கூரையும் அடங்கியுள்ளன. மருத்துவமனை வாயிலோடு சிகிச்சையை முடித்துக்கொள்ளாமல், அவ்வீட்டுத் திண்ணைவரை கொண்டுசெல்வதே பொதுப்பணியில் உள்ளோரின் கடமையாகும்.