பத்தாம் வகுப்போடு முடிந்துபோகும் உயிரியல்

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. தேர்வு கடினமாகுமா, தமிழின் நிலை என்ன என்பவை பேசப்பட்ட அளவுக்கு, அறிவியல் நூலில் என்ன இருக்கிறது என்பது பேசப்படவில்லை. பேசியிருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியலோ வரலாறோ எடுக்கும் மாணவருக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலே மனித உடலைப் பற்றிய கடைசிப் பாடநூல்.

அந்த நூலிலிருந்து பரிணாமத்தை என்.சி.இ.ஆர்.டி. நீக்கிவிட்டது. 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினர். பாடச்சுமையைக் குறைத்தோம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது என்பதே அரசுத் தரப்பின் விடை. உயிரியல் எடுக்காதவர்களுக்கு அந்த விடையில் இடமில்லை. புதுச்சேரி மாணவருக்கு இழப்பு இரட்டிப்பானது. அவர்கள் விட்டுவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றத்துக்கும் பரிணாமத்துக்கும் தனிப்பாடம் இருந்தது.

விவாதம் டார்வின் பெயரோடு நின்றுவிட்டது. வெட்டப்பட்ட பக்கங்களில் மனிதப் பரிணாமம் பற்றிய பகுதியும் இருந்தது. தோல் நிறத்தை வைத்து மனிதரை இனங்களாகப் பிரிப்பதற்கு உயிரியல் அடிப்படை ஏதுமில்லை, மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம் என்று அது தெளிவாகச் சொன்னது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்னும் கற்பிதத்தை அறிவியலின் பெயரால் மறுத்த பத்தி அது.

அண்ணல் அம்பேத்கர் இந்த மறுப்பின் தேவையை உணர்ந்திருந்தார். சாதி என்பது இனப்பிரிவு அன்று, ஒரே இனத்து மக்களைச் சமூகம் பிரித்துவைத்த ஏற்பாடு என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். 1948-இல் வெளியான தீண்டப்படாதார் பற்றிய நூலில், மூக்களவு குறித்த தரவுகளைக் கொண்டே பிராமணரும் தீண்டப்படாதாரும் வேறு வேறு இனம் என்ற கூற்றைத் தகர்த்தார். இன்றைய மரபணுவியலும் சாதியின் வரலாற்றுத்தன்மையைக் காட்டுகிறது. ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் இணைந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய மக்கள்திரள்கள் பரவலாகக் கலந்தன. அகமணம் இறுகியது அதன் பின்னரே. தொடக்கம் உள்ள ஒன்று இயற்கையின் விதியாக இருக்க முடியாது.

பள்ளியில் இழந்ததைக் கல்லூரியில் ஈடுசெய்ய ஒரு வழி உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 இளநிலைக் கட்டமைப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத துறைகளிலிருந்து பல்துறை அறிமுகப் பாடங்களை மாணவர் படிக்க வேண்டும் என்கிறது. அதற்கு 9 மதிப்பெண் அலகுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. கலை, வணிக மாணவர்க்கான மனித உயிரியலை அங்கே வைக்கலாம். நூலைத் தேர்ந்தெடுப்போர் படங்களின் அழகையும் பக்க எண்ணிக்கையையும் மட்டும் பார்க்கக் கூடாது. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

மனிதரின் பொது மூதாதைமையை அந்த நூல் மழுப்பாமல் சொல்கிறதா? மரபுவழியைக் கற்பிக்கும்போது, திறமையும் ஒழுக்கமும் இரத்தத்தில் வருபவை என்ற நம்பிக்கையை எதிர்கொள்கிறதா? உடலை அது வாழும் ஊரோடும் செய்யும் தொழிலோடும் இணைக்கிறதா?

மூன்றாவது கேள்வி புதுச்சேரிக்குப் புதிதன்று. 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடை நச்சுவாயு வீட்டுக் கழிப்பறை வழியே வந்து இரு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்றது. சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது முகரும் உணர்வையே செயலிழக்கச் செய்யும். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கும். நாற்றம் இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும், குழிக்குள் இறங்கி மாண்டோரில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். சுவாசப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம்கூடத் தராத நூல் யாருடைய நுரையீரலைப் பற்றிப் பேசுகிறது?

பரிணாமப் பகுதியைத் தமிழில் துணைப்பாடமாக அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு வழங்கப் புதுச்சேரி கல்வித்துறைக்குத் தடை ஏதுமில்லை. புதுவைப் பல்கலைக்கழகம் அறிமுக நூலைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சமூகவியலாளருக்கும் தலித் ஆசிரியர்களுக்கும் இடமளிக்க வேண்டும். நம் பெற்றோர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இவ்விரண்டையும் அடுத்த கல்வியாண்டுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும்.