கைராசியும் கோட்டாவும்

புது ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் நம்ம ஜனம் முதலில் கேட்பது, "கைராசியான டாக்டரா?" என்றுதான். கைராசி என்றால் கை தொட்டாக வேண்டும். தொடாத கைக்கு ஏது ராசி?

ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் வேறொரு சோதனை நடக்கிறது. டாக்டர் நோயாளியைப் பார்க்கும் முன்பே நோயாளி டாக்டரைப் பார்த்து முடித்துவிடுகிறான். கதவில் என்ன பேர், என்ன நிறம், மேசைமேல் எந்தச் சாமி. போன மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் இதய மருத்துவருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், என் சட்டை இஸ்திரியைப் பார்த்து 'நம்மாள்' என்று முடிவுகட்டியிருப்பார் போல, குனிந்து சொன்னார்: "புதுசா வந்திருக்காராம் சார். கோட்டால வந்த ஆளா இருந்தா நெஞ்சைக் குடுக்க யோசனையா இருக்கு."

தோழர்களே, இந்தப் பேச்சு பொய். இதய மருத்துவத்துக்கான டி.எம். படிப்பில் சாதிவாரி இட ஒதுக்கீடே கிடையாது. உயர்சிறப்பு மருத்துவப் பணிகளுக்கு அது உகந்ததல்ல என்று 1992 மண்டல் தீர்ப்பு சொன்னது. உயர்சிறப்புப் படிப்பில் சலுகையே கூடாது என்று 1999இல் ப்ரீத்தி ஸ்ரீவத்ஸவா வழக்கில் உச்சநீதிமன்றம் கதவைச் சாத்தியது. அந்தக் கதவைத் தாண்டி நம் பிள்ளை ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், பொதுப் போட்டியில் ஜெயித்து வந்தவர் என்று அர்த்தம். அப்பவும் கோட்டாவாம்! மேனேஜ்மென்ட் கோட்டா, என்.ஆர்.ஐ. கோட்டா என்று எம்.பி.பி.எஸ். சீட்டையே காசு கொட்டி வாங்கியவரிடம் நெஞ்சைத் திறந்து காட்ட எவனுக்கும் யோசனை வருவதில்லை.

கோட்டா தீண்டாத டாக்டர் ஒருவரை நான் காட்டுகிறேன். ஊர் கத்தியவார், வருஷம் 1929. தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, நோயில் விழுந்தாள். 'யங் இந்தியா'வில் அவர் எழுதிய கடிதத்தை அம்பேத்கர் எடுத்துப் போட்டிருக்கிறார். சேரிக்குள் வரமாட்டேன், வெளியே கொண்டுவா என்றார் டாக்டர். கைக்குழந்தையோடு கொண்டுவந்தார்கள். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியில் திரும்பியது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். நோய் சரிதான், படிப்பில் குறையில்லை! இரண்டு ரூபாய் கட்டணம் கொடுத்தும் மறுபடி வந்து பார்க்க மறுத்துவிட்டார். அவள் செத்துப்போனாள். அந்த இரண்டு ரூபாயில் தீட்டு இல்லை போலும்.

பெரியவருக்கு இருக்கிற முதல் பார்வை நமக்கும் உண்டு. புது டாக்டரிடம் போய் வந்த நம் அம்மாக்களைக் கேளுங்கள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாரா, இல்லை மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே சீட்டு எழுதினாரா? 'வாங்க'ன்னாரா, 'வா'ன்னாரா? எந்த ஊர் என்றவர், ஊரிலேயா காலனியிலேயா என்றும் கேட்டாரா? காலனி என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு நொடி நின்றதா?