வீட்டு டெலிபோனும் விட்டுப் பிரியாத வாடிக்கையாளரும்

அரிசிக் கடையை மாற்ற நாம் அதிகம் யோசிப்பதில்லை. கிலோவுக்கு ஐந்து ரூபா குறைந்தால் அடுத்த தெருவுக்கும் நடந்து போய்விடுகிறோம். ஆனால் வீட்டு டெலிபோன் இணைப்பை இருபது வருடமாக ஒரே கம்பனியில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. பில் கூடிவிட்டது என்று மாதா மாதம் முணுமுணுப்போம்; இணைப்பை மட்டும் வெட்டமாட்டோம். கம்பனிக்காரர்கள் இதை வாடிக்கையாளரின் விசுவாசம் என்கிறார்கள். உண்மையில் விசுவாசம்தானா? இம்முறை சற்றுப் பார்ப்போம் சகோதரிகளே.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நம் நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த காலம் அது. பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து வைத்து, சவூதியிலிருந்து கோல் வந்ததும் முந்தானையைச் சரிசெய்தபடி ஓடிய உம்மாமார் எத்தனை பேர்! 1996 இல் சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு நிறுவனங்களுக்குக் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிச் சேவைக்கு அனுமதி கிடைத்தது. 1997 இல் ஸ்ரீலங்கா டெலிகொமின் 35 சதவீதப் பங்குகளை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. 'இது வேண்டாம், அது போதும்' என்று சொல்லும் வசதி அதன் பிறகுதான் வந்தது.

வசதி வந்தும் பலர் அசையவில்லை. காரணம் நம்பர். கொழும்பில் 011 க்கு அடுத்து 2 வந்தால் டெலிகொம், 4 என்றால் சன்டெல், 5 என்றால் லங்கா பெல் என்று இலக்கமே கம்பனியைக் காட்டிக்கொடுத்தது. கம்பனியை மாற்றினால் நம்பரும் போய்விடும். அந்த நம்பர் எங்கெல்லாம் இருந்தது! றியாதில் இருக்கும் மகனின் பொக்கெட் டயறியில், பாடசாலைப் பதிவேட்டில், வங்கியில், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் தரகரிடம். இத்தனை பேருக்கும் புது நம்பரை அறிவிப்பதைவிட மாதம் நூறு, இருநூறு ரூபா கூடக் கட்டுவது இலேசு என்று வீட்டுப் பெண்கள் கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கம்பனி மீதுள்ள பிரியம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

2005 அளவில் சி.டி.எம்.ஏ. போன்கள் வந்தன. கம்பி இழுக்கத் தேவையில்லை. பெட்டியை வாங்கி வந்து மேசையில் வைத்தால் சரி. 2004 இல் 10 இலட்சத்தைத் தொடாத வீட்டு, அலுவலக இணைப்புகள் 2008 இல் 34 இலட்சத்தைத் தாண்டின. ஐந்தே வருடத்தில், 2013 இல் 27 இலட்சம் அளவுக்கு இறங்கிவிட்டன. கைத்தொலைபேசி மலிந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கிடைத்ததும், மேசைப் போனுக்கு மேல் பின்னல் துணி விழுந்தது. பெரும்பாலானோர் சண்டை பிடித்துக்கொண்டு விலகவில்லை. சத்தமில்லாமல் பேசுவதை நிறுத்தினார்கள், பிறகு பில் கட்டுவதை நிறுத்தினார்கள்.

கம்பனிகள் பயப்படுவது இந்தச் சத்தமில்லாத விலகலுக்குத்தான். மாதம் நூற்றுக்கு 2 பேர் விலகுவது பெரிய விஷயமாகத் தெரியாது. அப்படியே போனால் வருட முடிவில் அந்த நூறு பேரில் 21, 22 பேர் இருக்கமாட்டார்கள். ஓட்டைக் குடத்தை நிரப்புவதுபோல் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் விளம்பரத்தில் வரும் சலுகையெல்லாம் புதிதாகச் சேர்பவருக்கு; பழைய வாடிக்கையாளர் பழைய பெக்கேஜிலேயே கிடப்பார். கேட்டால் மாற்றித் தருவார்கள், கேட்காதவருக்குத் தாங்களாக வந்து சொல்வது அபூர்வம். இன்று வீட்டு இணைப்பு பெரும்பாலும் இன்டர்நெட்டுக்காகத்தான். அதிலும் நிலைமை இதுதான். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதே பாவனைக்கு இப்போது குறைந்த பெக்கேஜ் எது?' என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விலகும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பேச்சின் தொனியே மாறும்.

நாம் மாறாமலிருந்தாலும் கம்பனி மாறுவதுண்டு. 2012 இல் சன்டெலை டயலொக் வாங்கியபோது, அந்த வீடுகளின் வாடிக்கை யாரும் கேட்காமலே கை மாறியது.

விலகுவதென்று முடிவெடுத்தால் போனைக் கழற்றி அலுமாரியில் வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கொடுக்கும் வரை மாத வாடகை ஏறிக்கொண்டிருக்கலாம். நிலுவையைத் தீர்த்து, கம்பனியின் கருவியிருந்தால் திருப்பிக் கொடுத்து, இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வைப்புப் பணம் கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள்.

இன்னொன்று. பல வீடுகளில் இணைப்பு இன்னும் மௌத்தான வாப்பாவின் பெயரில் இருக்கிறது. பில் கட்டும் வரை எவரும் பெயர் கேட்கமாட்டார்கள். வெட்டவோ மாற்றவோ போனால்தான் கையொப்பம் யாருடையது என்ற கேள்வி வரும். இத்தாவில் இருக்கும் உம்மாவால் அதற்காக அலைய முடியாது. உங்கள் வீட்டு பில்லில் யாருடைய பெயர் இருக்கிறதென்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.