இருவர் கையொப்பம்

லிவர்ப்பூல் நகரத்துப் பீட்டில்ஸ் குழுவினர் 1970-இல் பிரிந்தனர். ஆயினும் அவர்தம் பாடல்களைப் பற்றிய வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி என்னும் இருவர் பெயரும் ஒருங்கே தாங்கிய பாடல்களுள், இஃது இவருடையது, அஃது அவருடையது எனப் பாகப்பிரிவினை செய்வதையே ஆராய்ச்சியெனக் கருதுவார் பலர். மாணவ நண்பர்களுள்ளும் இத்தகையோர் உளர். அப்பிரிவினை பொருந்தாதென்பது நம் கருத்து.

அவ்விருவரும் முதன்முதற் சந்தித்தது 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள், உல்ட்டன் என்னும் புறநகரில் தூய பேதுரு ஆலய விழாவின்போது. லென்னனுக்கு அப்பொழுது வயது 16, மெக்கார்ட்னிக்கு 15. மெக்கார்ட்னி முன்னாண்டிலேயே தாயை இழந்திருந்தார். மறு ஆண்டில் லென்னனும் தம் அன்னையை மோட்டார் விபத்தொன்றிற் பறிகொடுத்தார். இத்துயரமே அவர்களைப் பிணித்த தளைகளுள் ஒன்று. மெக்கார்ட்னி இடக்கையர், லென்னன் வலக்கையர். எதிரெதிரே அமர்ந்து கித்தார் மீட்டுங்கால், கண்ணாடியிற் கண்டாற்போல ஒருவர் கையை மற்றவர் கண்டார். இருவரும் மேனாட்டு இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும் அறியார். ஆதலின் பாட்டு ஏட்டில் வளராது இருவர் செவிகளுக்கிடையே வளர்ந்தது. யார் இயற்றினும் இருவர் பெயரையுமே இடுவதென்று புகழ் பெறுமுன்னரே உடன்பட்டனர்.

அவ்வுடன்பாடு பின்னர்ப் பொய்யாயிற்று என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1965-இல் வெளிவந்த 'எஸ்டர்டே' மெக்கார்ட்னி தனித்து இயற்றியது. பதிவின்போது குழுவின் ஏனை மூவரும் வாசிக்கவுமில்லை. எனினும், முதற்கண் யார் செவியில் விழப்போகின்றது என்றறிந்து இயற்றப்படும் பாட்டில் அச்செவிக்கும் பங்குண்டன்றோ? 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' லென்னனுடையது. 'பென்னி லேன்' மெக்கார்ட்னியினுடையது. இரண்டும் தத்தம் இளமைக்கால லிவர்ப்பூலை நினைந்து பாடியவை. 1967 பிப்ரவரியில் ஒரே இசைத்தட்டின் இரு புறங்களாக வெளிவந்தன. பின்னது முன்னதற்கு விடையாகவே நம் செவியிற் படுகின்றது. அவ்வாண்டிலேயே வந்த 'கெட்டிங் பெட்டர்' பாட்டில், நிலைமை சீர்பட்டு வருகின்றது என மெக்கார்ட்னி மகிழ்ந்து பாட, இனிக் கெடுவதற்குத்தான் என்ன இருக்கின்றது என்னும் கருத்துப்பட லென்னன் ஓரடியை இடையிற் செருகினார். அந்தப் புளிப்பின்றேல் அப்பாட்டுத் திகட்டியிருக்கும்.

'எ டே இன் தி லைஃப்' என்பதன் முதலும் முடிவும் லென்னன் தந்தவை, நடுப்பகுதி மெக்கார்ட்னியினது. இரண்டையும் இணைப்பது எவ்வாறென்று தோன்றாமையின் 24 தாள அளவைகளை வெறுமையாக விட்டனர். உதவியாளரொருவர் எண்ணிக்கொண்டே வந்து, முடிவில் கடிகார மணியை ஒலிக்கச் செய்தார். அவ்வெறுமையைப் பின்னர் 40 பேர் கொண்ட வாத்தியக் குழு நிரப்பிற்று. மணியோசையோ, துயிலெழுதலில் தொடங்கும் மெக்கார்ட்னி பகுதிக்கு இயைந்தமையின் நீக்கப்படாது நின்றுவிட்டது. இவ்விடைவெளியை யார் கணக்கில் எழுதுவது?

இக்கூட்டின் நிழலிற் குன்றியவர் ஜார்ஜ் ஹாரிசன். ஓர் இசைத்தொகுதிக்கு ஒன்றிரண்டு பாட்டளவே பெரும்பாலும் அவர்க்கு இடங்கிடைத்தது. குழு பிரிந்த அவ்வாண்டே அவர் மூன்று தட்டுக்களாக ஒரு தொகுதி வெளியிட்டார் எனின், எத்துணை தேங்கியிருந்ததென்பது வெளிப்படை. இருவர் புகழ் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

2002-இல் வெளிவந்த தம் தொகுதியொன்றில் மெக்கார்ட்னி 19 பாடல்கட்குத் தம் பெயரை முன்னும் லென்னன் பெயரைப் பின்னும் இட்டார். 1963-இல் வந்த முதல் தொகுதியில் அம்முறையே இருந்ததென்பது மெய்யே. ஆயினும் லென்னன் 1980-இற் கொலையுண்டு மறைந்தவர். உடன்பட்டோருள் ஒருவர் விடைகூற இயலாத காலத்தில் வரிசையை மாற்றியது தகவுடைத்தன்று.

1965-ஆம் ஆண்டின் 'இன் மை லைஃப்' பாட்டுக்கு மெட்டமைத்தவர் யார் என்பதில் அவ்விருவர் நினைவுமே மாறுபட்டன. 2018-இல் புள்ளியியல் அறிஞர் சிலர் சுரங்களை எண்ணிப் பார்த்து அதனை லென்னனுக்கே அளித்தனர். நாம் மெக்கார்ட்னியின் நினைவையும் தள்ளோம்.