நெல் பெருகும், ஊட்டம் அருகும்!

"கரிவளி மிகுந்தால் பயிர் செழிக்கும், பயிர் செழித்தால் பசி தீரும், பின் ஏன் இத்துணை ஆரவாரம்?" என்று கேட்பார் உளர். பாடநூல்கள் கரியமில வாயு என்றெழுதும் வளியையே நாம் கரிவளி என்கிறோம். நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் எரித்துப் பொருள் குவிப்பார்க்கு இக்கேள்வி ஓர் இனிய தாலாட்டு. ஆனால் இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யினும் கொடிது!

ஆலைகள் பெருகுமுன் காற்றின் பத்து இலக்கம் பங்கில் ஏறத்தாழ 280 பங்கே கரிவளி இருந்தது. அவாய்த் தீவின் மௌனாலோவா மலைமேல் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது அஃது ஏறத்தாழ 315. இற்றை நாளில் 420-ஐயும் கடந்துவிட்டது. இவ்வளியைக் கொண்டே பயிர் தன் மாவுப்பொருளை ஆக்குகிறது. ஆகவே, அது மிகும்போது நெல்லும் கோதுமையும் கூடுதலாக விளையக்கூடும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், மாவு மட்டுமே உணவாமோ?

உடலைக் கட்டுவது புரதம். புரதத்திற்கு இன்றியமையாதது, உழவர் நாவில் தழைச்சத்து என வழங்கும் தழையூட்டம். காற்றில் நூற்றுக்கு 78 பங்காக அது நிறைந்திருந்தும், நெல்லும் கோதுமையும் அதனை நேரே எடுத்துக்கொள்ள இயலா. மண்ணிலிருந்து வேர்வழியே பெறல் வேண்டும். கரிவளி கேளாமலே இலைக்கு வந்து சேரும். தழையூட்டமோ மண் கொடுத்தால்தான் உண்டு. எனவே, மாவு பெருகப் பெருக, நீர் வார்த்த பால்போல் புரதம் நெகிழ்ந்து போகிறது.

இஃதொன்றே கரணியமன்று. கரிவளி மிகும்போது இலைத்துளைகள் குறுகுகின்றன. பயிர் உறிஞ்சும் நீர் குறைகிறது. நீரில் கரைந்து வேரை நோக்கி வரும் ஊட்டமும் குறைகிறது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டும் நொதியும் குறைவாகவே போதுமாதலின், இலையில் தங்கும் தழையூட்டமும் சுருங்குகிறது. மண்ணின் நைத்திரேட்டைப் புரதமாக மாற்றும் திறனே தடைப்படுகிறது என்று, கோதுமையை ஆய்ந்து 2010-இல் காட்டினார் கலிபோர்னியப் பேராசிரியர் ஆர்னால்டு புளூம். இவற்றுள் எது முதன்மை என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு, விளைவில் ஐயமில்லை.

சப்பானிலும் சீனத்திலும் திறந்த வயல்களில் கரிவளியைப் பாய்ச்சி, அதன் அளவை 568 முதல் 590 வரை உயர்த்தி, 18 நெல்வகைகளை வளர்த்துப் பார்த்தனர். 2018-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, அரிசியின் புரதம் நிரவலாக 10 விழுக்காடும், இரும்பு 8 விழுக்காடும், துத்தநாகம் 5 விழுக்காடும் குறைந்திருந்தன. களம் நிறைந்தது; கலம் வறிதாயிற்று!

அந்தச் செழிப்பும் நிலைப்பதன்று. அமெரிக்காவின் தென்னசியில், ஓக்கு இரிட்சு என்னுமிடத்தில், ஒரு மரத்தோப்புக்கு இவ்வாறே கரிவளி ஊட்டினர். 2001 முதல் 2003 வரை 24 விழுக்காடாக இருந்த கூடுதல் வளர்ச்சி, 2008-இல் 9 விழுக்காடாகச் சரிந்தது. மண்ணில் தழையூட்டம் போதாமற் போனதே அதற்குக் கரணியம்.

"யூரியாவைக் கொட்டினால் போயிற்று" என்பாரும் உளர். யூரியாவை ஆக்கவும் எரிபொருள் வேண்டும். கொட்டியதில் பயிர் உண்டது போக எஞ்சியது நீர்நிலைகளைக் கெடுக்கும். ஒரு பகுதி சிரிப்பூட்டும் வளியாக மேலெழும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரிவளியைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் சேர்ப்பது அது! நெருப்பை நெய் வார்த்து அணைப்பார் உண்டோ?

இழப்பு யார்க்கு? முட்டையும் மீனும் பாலும் வாங்க வல்லார்க்கன்று. மூன்று வேளையும் சோற்றையே நம்பும் உழைப்பாளிக்கும், அவன் மனைவி மக்கட்குமே. எரித்துக் கொழித்தவன் ஒருவன். உண்டும் மெலிபவன் வேறொருவன்!

வழி இல்லாமலில்லை. அவரையினப் பயிர்கள் தம் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றின் தழையூட்டத்தையே பெறுகின்றன. ஆதலின் அவற்றின் புரதம் பெரிதும் குறைவதில்லை. வேறு முறையில் கரிவளியைப் பிடிக்கும் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் இக்குறை சிறிதே. நம் கம்பும் கேழ்வரகும் அம்முறையினவே. பங்கீட்டுக் கடையில் அரிசியோடு பருப்பும் இக்கூலங்களும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் போதிய அளவு கிடைத்தல் வேண்டும். புதிய நெல்வகையைத் தேர்வோர் விளைச்சலின் எடையோடு மணியின் புரதத்தையும் அளந்து தேர்தல் வேண்டும். இவை தற்காப்பே, நோயின் வேர் கரிவளியைக் கக்கும் புகைக்கூண்டுகளில் உள்ளது. அவற்றை அடக்காமல், பயிர் செழிக்கும் என்று நம்மைத் தாலாட்டுவாரை இனியும் நம்புதல் தகுமோ? எண்ணிப் பார்மின்!