பாதத்தை அளந்து ஷூ வாங்குவோம்

ஓய்வு பெற்ற நம்மவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் முதல் மருந்து நடை. எதைப் போட்டுக்கொண்டு நடப்பது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. உல்லாஸ்நகர் கோல் மைதானத்தில் காலையில் பாருங்கள். ஒருவர் தேய்ந்த ரப்பர் செருப்பில் நடக்கிறார். இன்னொருவர் பேரன் கழித்துப் போட்ட ஷூவில். மூன்றாமவருக்கு மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய உயர்ந்த ரக ஷூ. ஆனால் விந்தி விந்தி நடக்கிறார். நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் இருந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜல்லியில் நடந்து சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

நம்மவர்கள் கடையில் முதலில் பார்ப்பது கம்பெனிப் பெயரை. பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் தங்கிய கல்யாண் ராணுவ முகாம், 1949-இல் உல்லாஸ்நகர் ஆயிற்று. உழைப்பால் முன்னேறிய ஊர். 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று ஒரு பழைய வேடிக்கையும் உண்டு. ஷூவின் நாக்கில் தைத்த சீட்டு எதற்கும் உத்தரவாதமல்ல என்பதே அதிலுள்ள பாடம். சீட்டு அசலே ஆனாலும், உங்கள் பாதத்துக்குப் பொருந்தாவிட்டால் அது உங்களுக்குப் போலிதான்.

சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம் பாதங்கள் அகலம் என்று தெரிந்தது. 'பா' என்ற பெயரில் இந்தியருக்கென்றே ஓர் அளவுமுறையையும் பரிந்துரைத்தது. நாம் பழகியதோ பிரிட்டிஷ் நம்பர். அதில் ஒரு நம்பர் ஏறினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். அகலத்தைப் பற்றி அந்த நம்பர் ஒன்றும் சொல்லாது. முன்பக்கம் நெருக்குகிறது என்றால் கடைக்காரர் அடுத்த நம்பரை எடுத்துத் தருவார்; குதிகால் உள்ளே ஆடும். அகலப்பாதை வண்டி மீட்டர் கேஜில் ஓடாது. தண்டவாளத்தை எவ்வளவு நீளமாகப் போட்டாலும் ஓடாது!

இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. நம்மில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆண்டுகள் ஆக ஆகப் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். ஷூ கடித்தாலும் வலிக்காது, கொப்புளம் புண்ணாகும், விரலை எடுக்கும் நிலைக்கும் போகும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தம் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் விழுவதால்தான் புண் வருகிறது என்று எடுத்துக் காட்டினார். பின்னர் அமெரிக்கா சென்று, சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் அதே பாடத்தைச் சொன்னார். ஆகவே, 'வலிக்கவில்லை, நல்ல ஷூதான்' என்பது சர்க்கரை உள்ளவர்களுக்குச் சான்று ஆகாது. அளவுதான் சான்று.

அளப்பது சுலபம். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது தாளின் மேல் நின்று இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இராது, பெரியதற்கே வாங்குங்கள். கடையில் ஷூவைப் படத்தின் மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம். நடைக்குப் போடும் சாக்ஸோடு போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கையால் வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் தள்ளுங்கள். குதிகாலைப் பிடிக்கும் பின்பக்கம் அழுத்தினால் அமுங்கக் கூடாது. 'போடப் போடச் சரியாகிவிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். அடிப்பாகம் ஒருபக்கம் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். மேலே பளபளக்கிறது என்பதற்காகத் தேய்ந்த தண்டவாளத்தை நாங்கள் விட்டுவைத்ததில்லை. சர்க்கரை உள்ளவர்கள் போடுமுன் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்ப்பதும், இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் அவசியம்.

நம் வீட்டுப் பெண்மணிகள், 'புடவைக்கு ஷூவா, நாலுபேர் சிரிப்பார்களே' என்கிறார்கள். சிரிப்பவர்கள் யாரும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப் போவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ஆண்கள் ஷூவில் அமெரிக்க 9-உம் பிரிட்டிஷ் 9-உம் ஒன்றல்ல. ஏறக்குறைய ஒரு நம்பர் வித்தியாசம். அப்பாவிடம் நம்பர் கேட்காதீர்கள், பாதத்தின் படத்தைக் கேளுங்கள். பணமாக அனுப்பினால் இன்னும் நல்லது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைத்த காலணிகளைப் போட்டு ஐரோப்பா நடக்கிறது. தாராவித் தோல் தொழிலில் நம்மவர் கை தலைமுறைகளாக இருக்கிறது. அப்படிப்பட்ட நாம் நம் கால்களைக் கவனிக்காமல் விடலாமா? சங்கங்களின் மருத்துவ முகாம்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அடுத்த முகாமில் ஒரு நாற்காலி, கொஞ்சம் தாள், ஒரு பென்சில் கூடுதலாக வையுங்கள். டாக்டர் பாதத்தையும் பார்க்கட்டும். தாராவியிலிருந்து காலணி செய்யத் தெரிந்த ஒருவரை அழைப்போம். அளவெடுக்க நான் உல்லாஸ்நகரிலிருந்து வரத் தயார்.